அம்மாவின் முகம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு

கேள்வி: உளவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, "ஏன் உளவியல்?" என்று கேட்டார். "மற்றவர்களுக்கு உதவ வேண்டும்" என்றேன். எனக்கு முன்னால் எழுந்தவர்களில் பாதிப்பேர் அதையே சொல்லியிருந்தார்கள். என் உண்மையான காரணம் வேறு. நான் பள்ளியில் படித்தபோது அம்மாவுக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. காலையில் அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பி அனுப்புவதும் நான்தான். அம்மாவுக்கு என்ன நேர்ந்தது என்று புரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். ஆனால் இங்கே புள்ளியியலும் ஆய்வு முறைகளும்தான் அதிகம். மனச்சோர்வு பற்றிய பாடம் வந்த அன்று கை நடுங்கியதால் குறிப்பெடுக்க முடியாமல் வகுப்பைவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் தோழி வேறு துறையில் இடம் கிடைக்காமல் இதில் சேர்ந்தவள். அவளோ மனிதவளத் துறைக்குப் போகப்போவதாகத் தெளிவாகச் சொல்கிறாள். எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. "படித்து முடித்து என்னவாகப் போகிறாய்?" என்று மாமா கேட்கும்போதெல்லாம் விழிக்கிறேன். தவறான காரணத்துக்காகத் தவறான படிப்பில் சேர்ந்துவிட்டேனா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

இல்லை, உங்கள் காரணம் தவறானதல்ல. படிப்பு உங்களுக்குப் பொருந்துமா என்பதை இரண்டாம் ஆண்டில் முடிவுகட்டிவிடவும் முடியாது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளவியல் சிகிச்சை அளித்துவருகிறேன். இந்தத் துறைக்கு வருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். "ஏன் உளவியல்?" என்று நானும் பலரைக் கேட்டிருக்கிறேன். முதலில் வருவது பெரும்பாலும் நீங்கள் சொன்ன பதில்தான். அவசரப்படுத்தாமல் பேசவிட்டால் அதற்கு அடியில் இருப்பது மெல்ல வெளியே வரும். குடிக்கு அடிமையான அப்பா, யாரும் யாரோடும் பேசிக்கொள்ளாத வீடு, பள்ளியில் ஒதுக்கப்பட்ட வருடங்கள் என்று ஏதோ ஒன்று இருக்கும். "உன்னிடம் சொன்னால் பாரம் இறங்குகிறது" என்று தோழிகள் திரும்பத் திரும்பச் சொன்னதை நம்பி வந்தவர்கள் உண்டு. தன்னையே புரிந்துகொள்ள வந்தவர்கள், மூளை எப்படி வேலை செய்கிறது என்ற வியப்பில் வந்தவர்கள், கணிதம் இருக்காது என்று எண்ணி வந்து முதல் பருவத்திலேயே புள்ளியியலில் மாட்டிக்கொண்டவர்கள், உங்கள் தோழியைப்போல வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள் என எல்லோரையும் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய காரணம் என்று எதையும் நான் கேட்டதில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்று அம்மாவின் நோயைச் சொல்லாமல் விட்டீர்களே, அது பொய் ஆகாது. அது உங்கள் வீட்டுச் செய்தி. யாரிடம், எப்போது சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் மட்டுமே.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் படிப்புக்கு உங்களை அழைத்துவந்த காரணம் வேறு. நாளை நீங்கள் செய்யப்போகும் வேலை வேறு. அம்மாவுக்காக வந்தேன், ஆகவே மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிப்பவளாகத்தான் ஆக வேண்டும்; அந்தப் பாடத்திலேயே கை நடுங்குகிறது, ஆகவே நான் எதற்கும் லாயக்கில்லை. உங்கள் கடிதத்தின் கலக்கம் முழுவதும் இந்த இரண்டு 'ஆகவே'களில்தான் இருக்கிறது. இரண்டுமே அவசியமில்லாதவை.

சொந்த வேதனையிலிருந்து இந்தத் துறைக்கு வந்து பெரிய காரியம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன், ஓயாத தற்கொலை எண்ணங்களோடு போராடுபவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியவர். தானே இளம்வயதில் அத்தகைய துயரத்தோடு நீண்ட காலம் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-இல்தான் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் பட்ட வேதனை அவரை இந்தப் பாதையில் தள்ளியிருக்கலாம். சிகிச்சையை உருவாக்கிக் கொடுத்தது அந்த வேதனை அல்ல. பல்லாண்டுப் படிப்பும், எது பலிக்கிறது எது பலிக்கவில்லை என்று சோதித்துச் சோதித்துத் திருத்திய உழைப்பும்தான் உருவாக்கின. அந்த முறை வேலை செய்கிறதா என்பதை ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தி, 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்.

சொந்தக் காரணத்தோடு வருபவர்களுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

பயிற்சியின் முதல் ஆண்டு அது. என் எதிரே ஒரு நடுவயதுப் பெண் அமர்ந்திருந்தார் (அவரை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவருடைய சம்மதத்தோடு உரையாடலை ஒலிப்பதிவு செய்திருந்தேன். அதை ஒரு சொல்கூட விடாமல் எழுதிவரும்படி என் மேற்பார்வையாளர் சொன்னார். ஐம்பது நிமிட உரையாடலை எழுதி முடிக்க ஓர் இரவு ஆயிற்று. தாள்களை மெதுவாகப் படித்துக்கொண்டே போனவர், ஏழாம் பக்கத்தில் ஓரிடத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார். "இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டிருப்பேன்" என்று அந்தப் பெண் சொல்கிறார். அடுத்த வரியிலேயே நான், "இப்போது தூக்கம் பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறேன். "அவர் சொல்ல வந்தார். நீ சொல்லவிடவில்லை. ஏன்?" என்றார் மேற்பார்வையாளர்.

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. சிறுவயதில் நள்ளிரவில் சமையலறை விளக்கு எரிந்தால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அங்கே என் அம்மா அழுதுகொண்டிருப்பார். முப்பது வயதை நெருங்கும்போதும், எதிரில் ஒருவர் சமையலறை என்று சொன்னவுடன் நான் அதே போர்வையைத்தான் இழுத்திருக்கிறேன்.

நம் கதை நம்மோடு அறைக்குள் வரும். அதைத் தடுக்க முடியாது. வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் முடியும். மனதின் அடியில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே வெளிக்கொணரும் முறைக்கு உளப்பகுப்பாய்வு என்று பெயர். அதைச் செய்பவர் முதலில் தானே அதற்கு உட்பட வேண்டும் என்று வலியுறுத்தியதற்காக, மனநல மருத்துவர் யுங் உள்ளிட்டோர் அடங்கிய சூரிச் குழுவை, அந்த முறையை உருவாக்கிய ஃப்ராய்ட் 1912-இலேயே பாராட்டி எழுதினார். இன்றைய சிகிச்சை முறைகள் அவர்கள் காலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் கை நடுங்கியதைத் தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு தகவல். உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனை மையம் இருந்தால் இந்த வாரமே போய் ஒரு நேரம் வாங்குங்கள். இல்லாவிட்டால் வெளியே தகுதி பெற்ற ஒருவரைப் பாருங்கள். நாளை இந்த வேலைக்கு வருவீர்களோ மாட்டீர்களோ, அது அப்புறம். பள்ளி வயதில் ஒரு வீட்டைத் தாங்கிய பிள்ளைக்கு, அதை யாரிடமாவது முழுக்கச் சொல்லித் தீர்க்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டும். அந்தப் பாடத்தைப் பகல் நேரத்தில், ஒரு தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டு பக்கமாகப் படியுங்கள். பேராசிரியரிடம் "இந்தப் பகுதி எனக்கு நெருக்கமானது, கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முகம் பார்த்துச் சொல்லிவிடும் உங்கள் திறமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உளவியல் படித்தால் மனதில் இருப்பதைப் படித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அதற்காகவே சேருபவர்களும் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் 'உங்களைப் பற்றிய மதிப்பீடு' என்று ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. 'உள்ளே இருப்பதைச் சரியாகச் சொல்லிவிட்டார்' என்ற உணர்வு எவ்வளவு எளிதாக உண்டாகிவிடுகிறது பாருங்கள். உங்கள் அம்மாவின் முகத்தை நீங்கள் சரியாகவே படித்திருப்பீர்கள், தினமும் பார்த்த முகம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து எதிரில் உட்காரும்போது அந்தப் பழக்கம் உங்களை முந்திக்கொண்டு பேசவைக்கும். சிகிச்சையில் முக்கால்வாசி, தெரிந்துவிட்டது என்று தோன்றும் கணத்தில் வாயை மூடிக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்பதுதான்.

இங்கேதான் நீங்கள் அலுத்துக்கொள்ளும் புள்ளியியல் வருகிறது. இதில் நான் சற்றுப் பிடிவாதக்காரி. விபத்து, தீ, வெள்ளம் என்று பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் விவரமாகப் பேசவைத்தால் பின்னாளில் மனநலப் பாதிப்பு வராமல் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். ஒரே ஒரு அமர்வு போதும் என்றார்கள். கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? உதவ வேண்டும் என்ற மனம் உள்ள யாரும் அதைச் செய்திருப்பார்கள். ஜொனதன் பிசன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு இந்த அமர்வை நடத்தினார்கள், மற்றவர்களுக்கு நடத்தவில்லை. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு இருந்தது. பெறாதவர்களில் 9 சதவீதம்தான். முடிவுகள் 1997-இல் வெளியாயின.

உடனே 'பேசவைத்ததுதான் கெடுத்தது' என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். குலுக்கலில் பிரித்தும்கூட, அமர்வு பெற்ற பிரிவில் தீக்காயம் கடுமையாக இருந்தவர்கள் அதிகம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வித்தியாசத்தில் எவ்வளவு அதனால் வந்தது? எவ்வளவு அமர்வால் வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் உங்களுக்குப் புள்ளியியல் கற்றுத்தருகிறார்கள். பின்னால் இத்தகைய சோதனைகள் பலவற்றையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒரே அமர்வில் முடியும் அந்த முறையால் தடுப்புப் பலன் இல்லை, பாதிக்கப்பட்டவர்களை அதற்குக் கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்ற முடிவு கிடைத்தது. அக்கறை மட்டும் இருந்து கணக்கு இல்லாமல் போயிருந்தால், நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு அதையே இன்றும் செய்துகொண்டிருப்போம். உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த மருந்தோ சிகிச்சையோ பலித்தது என்றால், யாரோ ஒருவர் இப்படி அலுப்பூட்டும் எண்களோடு உட்கார்ந்திருந்ததால்தான் பலித்தது.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம்.

உளவியல் பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் உளவியலாளராக ஆவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை என்பதே உண்மை. பட்டம் முடித்ததும் சிகிச்சை அளிக்கத் தொடங்கிவிடலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் உளவியலாளராகத் தனித்து இயங்கும் உரிமம் பெறப் பொதுவாக முனைவர் பட்டம், மேற்பார்வையில் பல மணி நேரப் பயிற்சி, தேர்வு எல்லாம் வேண்டும். பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பெயர் போட்டுக்கொள்ள, சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். எங்கே வேலை செய்ய விரும்புகிறீர்களோ அந்த இடத்தின் விதியை, கோச்சிங் விளம்பரங்களை நம்பாமல், உரிமம் வழங்கும் அமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் ஆக வேண்டும் என்றால் அதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டும், அது வேறு வழி. சில வாரச் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டுக் கவுன்சலர் என்று பலகை மாட்டுபவர்களைப் பார்த்து நீங்களும் அவசரப்படாதீர்கள். அவர்களிடம் சிக்கி நொந்துபோய் என்னிடம் வந்தவர்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன்; அதைப் பற்றி என்னால் நிதானமாக எழுத முடியாது.

'உதவுவது' என்றால் அழுதுகொண்டிருக்கும் ஒருவர் எதிரில் உட்காருவது மட்டும்தானா? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையில் வயிற்றால் தேய்த்துக்கொண்டு நின்ற சம்பவங்கள் பல நடந்தன. விமானிகள் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்களை (ஃபிளாப்) உள்ளிழுக்கப் போய், தவறுதலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். விமானிகளின் கவனக்குறைவு என்றுதான் எழுதிவைத்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் அக்கம்பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தவைத்தார். கையால் தொட்டாலே எது எதுவென்று தெரிந்தது. அந்தத் தவறு நின்றது. அவர் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை, யாருடைய கண்ணீரையும் துடைக்கவில்லை. எத்தனையோ விமானிகளை 'கவனக்குறைவானவன்' என்ற பழியிலிருந்து காப்பாற்றினார். இன்று கைபேசிச் செயலியைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒரு முதியவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பவரும் அந்தப் பரம்பரையில் வந்தவர்தான்.

பக்கவாதம் வந்தவரின் நினைவாற்றலில் எது போயிற்று, எது மிஞ்சியது என்று பொறுமையாகச் சோதித்து அறிக்கை எழுதும் நரம்பு உளவியலாளர்கள் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கும்போது, அது கற்றல் குறைபாடு என்று கண்டுபிடித்துச் சொல்லும் பள்ளி உளவியலாளர்கள் இருக்கிறார்கள். சிறைகளிலும், விளையாட்டு அணிகளிலும், மறுவாழ்வு மையங்களிலும் வேலை இருக்கிறது. உங்கள் தோழி சொல்லும் மனிதவளத் துறையும் உண்டு. அவள் தற்செயலாக வந்தவள் என்பதற்காக அவளுடைய திட்டத்தை மட்டமாகவும் நினைக்க வேண்டாம், அவளிடம் திட்டம் இருக்கிறது என்பதற்காக உங்களை மட்டமாகவும் நினைக்க வேண்டாம். நல்ல மேலாளர் இல்லாத இடத்தில் எத்தனை பேர் நோயாளி ஆகிறார்கள் என்பதை என் அறையில் தினமும் பார்க்கிறேன்.

வேலையின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த வேலையில் இருப்பவர் ஒரு சாதாரண நாளில் காலை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்கு முன் பத்து நிமிடத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். போன வாரம் நம்பிக்கையோடு பேசிவிட்டுப் போனவர் இந்த வாரம் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்தபடி அடுத்தவரை உள்ளே அழைப்பேன். பலருடைய கதை எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. இதை உங்களால் தாங்க முடியுமா, தாங்க விருப்பமா என்பது நியாயமான கேள்வி. ஆய்வாளரைக் கேட்டால், வருவதாகச் சொன்னவர் வராததால் காத்திருப்பார். அல்லது தரவில் விடுபட்ட கட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பள்ளி உளவியலாளர், ஒப்புக்கொள்ள மறுக்கும் ஒரு தந்தையிடம் மூன்றாவது முறையாக அதே அறிக்கையை விளக்கிக்கொண்டிருப்பார். இவற்றில் எந்தப் பதினொரு மணி உங்களுக்குப் பிடிக்கிறது?

கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் போய்ப் பார்ப்பது நல்லது. வரும் விடுமுறையில் ஏதாவது ஒரு மறுவாழ்வு மையத்திலோ சிறப்புப் பள்ளியிலோ தன்னார்வலராக ஒரு மாதம் இருங்கள். அடுத்த பருவத்தில் உங்கள் துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவரிடம் போய், தரவு சேகரிக்க உதவட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரு சின்ன நோட்டில் அன்றன்றைக்கு எழுதுங்கள்: இன்று எப்போது நேரம் போனதே தெரியவில்லை, எப்போது கடிகாரத்தைப் பார்த்தேன். ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் முதுநிலையில் எதை எடுப்பது என்பதற்கு என்னைவிட நல்ல பதில் அதில் இருக்கும்.

மாமாவிடம், "இரண்டு மூன்று வழிகளை நேரில் போய்ப் பார்க்கிறேன் மாமா, அடுத்த வருடம் இதே நேரம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். விழிக்க வேண்டியதில்லை. இருபது வயதில் இது போதுமான திட்டம்.

ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தில் அம்மா இருக்கிறார், தம்பி இருக்கிறான், தோழி, மாமா, பேராசிரியர் எல்லோரும் இருக்கிறார்கள். கை நடுங்கியது என்ற ஒரு வரியைத் தவிர நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எங்குமே எழுதவில்லை. அடுத்த கடிதத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.